ஏரி அடையல்களும் மாயர் வீழ்ச்சியும்: சமதானி ஆய்வுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பண்டைய நாகரிகங்களின் வீழ்ச்சிக்குக் காரணந் தேடும் விவாதங்களிலே இயற்கை விஞ்ஞானிகள் வகிக்கும் பங்கு கடந்த மூன்று தசாப்தங்களிற் பெரிதும் மாறிவிட்டது. முன்னர் வரலாற்றாசிரியரும் தொல்லியலாளரும் தமக்குள்ளேயே நடத்திவந்த விவாதத்தில் இன்று புவியிரசாயனவியலாளர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். ஏரிகளின் அடித்தளத்தில் நெடுங்காலமாகப் படிந்த அடையல்களைத் துளையிட்டெடுத்து, அவற்றிலுள்ள நிலையான சமதானிகளின் விகிதத்தை அளந்து, அவ்வேரிகளின் பண்டைய நீர்ச் சமநிலையை அவர்கள் கணிக்கின்றனர். (சமதானி என நாம் இங்கு வழங்குவதைத் தமிழ்நாட்டு நூல்கள் ஓரிடத்தான் என்றும் ஐசோடோப்பு என்றும் குறிக்கும்.) கணிப்பு எண்களாக வருகிறது, எண்களாக வருவதனாலேயே அது விவாதத்தை முடித்துவைக்கும் தீர்ப்பாகவும் பலராற் கொள்ளப்படுகிறது. இந்த இரண்டாவது படியையே நாம் இக்கட்டுரையிற் பரிசீலிக்க விரும்புகிறோம். ஏரி எதனைச் சொல்கிறது என்பதும், ஏரி சொன்னதாக நாம் எதனைச் சொல்லிக்கொள்கிறோம் என்பதும் வேறுவேறானவை.

இதற்கு மாயர் நாகரிகம் பற்றிய ஆய்வுகளை உதாரணமாகக் கொள்வது பொருத்தமானது. ஏனெனில் இத்துறையின் முறையியல் வேறெங்கிலும் இவ்வளவு நுட்பமாக வளர்ச்சியுறவில்லை எனலாம். அம்முறையியலிலிருந்து வரலாற்றுக்குத் தாவும் பாய்ச்சலும் வேறெங்கிலும் இவ்வளவு நீளமாக அமையவில்லை. இன்றைய குவாத்தமாலா, பெலீஸ், தென்கிழக்கு மெக்சிக்கோ, மேற்கு ஹொண்டூராஸ் ஆகிய பிரதேசங்களில் கி.பி. 250 முதல் 900 வரை செந்நெறிக் கால மாயர் நகரங்கள் செழித்திருந்தன. தென் தாழ்நிலங்களில் இந்நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேதியிட்ட கற்றூண்களை நாட்டுவதை நிறுத்தின. கோபான் நகரின் இறுதித் தேதி 822. டிக்காலின் இறுதித் தூண் 869. நீள்காலக் கணிப்பு முறையிலமைந்த கடைசிக் கல்வெட்டு 909ஆம் ஆண்டில் தொனினா நகரிற் பொறிக்கப்பட்டது. இந்த மௌனத்துக்கு யாது காரணம் என்பதே பிரச்சினை.

காலநிலையைக் காரணமாகக் காட்டும் முயற்சி புதியதன்று. யேல் பல்கலைக்கழகப் புவியியலாளர் எல்ஸ்வேர்த் ஹன்டிங்டன் 1915இல் வெளியிட்ட ‘நாகரிகமும் காலநிலையும்’ என்ற நூலில், மக்களினங்களின் ஆற்றலையே காலநிலை நிர்ணயிப்பதாக வாதிட்டார். ஐரோப்பிய ஆதிக்கத்துக்கு இயற்கையின் பெயரால் நியாயங் கற்பித்த நூல்களுள் அதுவும் ஒன்று. மாயர் விடயத்தில் அவர் கொண்ட கருத்தோ இன்றைய கருத்துக்கு நேர்மாறானது. வரண்ட காலத்தில் மாயர் தழைத்தனர் என்றும், பின்னர் ஈரம் மிகுந்து காடும் காய்ச்சலும் பெருகவே வீழ்ந்தனர் என்றும் அவர் கருதினார். இன்று வரட்சி வீழ்த்தியது எனப்படுகிறது. மழை மிகுந்தாலும் குறைந்தாலும் மாயர் வீழ்வது நிச்சயம் என்றவாறு கோட்பாடு முதலிலே நின்றது. சான்று பின்னர் வந்தது. ஹன்டிங்டனிடம் அளவீடு இருக்கவில்லை. இன்றைய ஆய்வாளரிடம் இருக்கிறது. இவ்வேறுபாடு சிறியதன்று. ஆகவே அவ்வளவீடு எவ்வாறு பெறப்படுகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம்.

இயற்கையிலுள்ள ஒட்சிசன் அணுக்களில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று திணிவெண் 18 கொண்டது. மற்றையவை பெரும்பாலும் 16 கொண்டவை. 17 மிக அரிது. ஐதரசனிலும் அவ்வாறே பாரமான தூத்தேரியம் சிறிதளவு உண்டு. இவை கதிர்க்காபனைப் போலச் சிதைவடைவதில்லை. எனவேதான் நிலையானவை எனப்படுகின்றன. நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்திச் செல்கின்றன. பாரமானவை எஞ்சும் நீரிற் செறிகின்றன. உலகின் மழைநீரில் இவ்விரு மூலகங்களின் பாரச் சமதானிகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் ஒன்றோடொன்று தொடர்புற்று மாறுகின்றன என்பதை ஹார்மன் கிறெய்க் 1961இற் காட்டினார். ஆவியாதலுக்குட்பட்ட ஏரிநீர் அக்கோட்டிலிருந்து விலகுகிறது. அவ்விலகலை வளிமண்டல ஈரப்பதனோடு தொடர்புபடுத்தும் மாதிரியுருவைக் கிறெய்க்கும் கோர்டனும் 1965இல் அமைத்தனர். இன்றைய ஏரிக் கணிப்புகள் யாவும் இவ்வத்திவாரத்தின் மீதே எழுந்தவை.

இங்கு ஒரு விடயம் மனங்கொள்ளத்தக்கது. பொதுவாசகருக்காக எழுதப்படும் நூல்கள், பாரமான ஒட்சிசன் மிகுந்தால் ஏரி வற்றியது, குறைந்தால் நிரம்பியது என்று எளிமைப்படுத்திக் கூறுவதுண்டு. வெளியேற்றமற்ற ஏரியொன்றில் உள்வரும் நீரும் ஆவியாகும் நீரும் சமநிலை எய்திய பின்னர், ஏரி பெரிதாயினும் சிறிதாயினும் அதன் சமதானி விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக்கூடும். அவ்விகிதத்தைத் தீர்மானிப்பவை உள்வரும் நீரின் இயல்பு, ஈரப்பதன், நிலத்தடி வழியாகக் கசிந்து செல்லும் நீரின் பங்கு, சமநிலையிலிருந்து ஏரி மாறிக்கொண்டிருக்கும் வேகம் என்பன. சுருங்கக் கூறின், சமதானி ஏரியின் ஆழத்தை அளக்கும் கோல் அன்று. அது ஏரியின் வரவுசெலவுக் கணக்கு. கணக்கை வாசிக்க அதன் உறுப்புகள் யாவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

மெக்சிக்கோவின் கின்றானா ரூ மாநிலத்திலுள்ள சிச்சன்கனாப் ஏரி இவ்வாய்வுகளின் நடுநாயகமாகும். மாய மொழியில் ‘சிறு கடல்’ எனப் பொருள்படும் பெயர், நீர் உவர்த்தன்மையுடையது, ஜிப்சத்தால் நிரம்பலுறும் நிலைக்கு அண்மித்தது. 1974இலேயே கோவிச், ஸ்ரூய்வர் ஆகியோர் இவ்வேரியின் நத்தையோடுகளில் ஒட்சிசன் 18ஐ அளந்து நீர்மட்ட மாற்றங்களை ஆராய்ந்தனர். 1995இல் ஹொடெல், கேட்டிஸ், பிறென்னர் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை கி.பி. 800க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்தை ஏரியின் மிக வரண்ட காலப்பகுதிகளுள் ஒன்றாக இனங்கண்டது. 2005இல் அவர்களே பல அடையல் தண்டுகளை ஒப்பிட்டு, வரட்சி 770 முதல் 870 வரையும் 920 முதல் 1100 வரையும் இரு கட்டங்களாக வந்ததென்றும், இடையில் ஈரமான காலம் ஒன்று இருந்ததென்றும் திருத்திக் கூறினர். மெடினா எலிசால்டே, ரோலிங் ஆகியோர் 2012இல் மழைவீழ்ச்சிக் குறைவை 25 வீதம் முதல் 40 வீதம் வரை என மதிப்பிட்டனர். 2018இல் நிக்கலஸ் எவன்ஸ், ஹொடெல் முதலியோர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வோ ஆண்டு மழைவீழ்ச்சி இன்றைய நிலையோடு ஒப்பிடுகையில் 41 வீதம் முதல் 54 வீதம் வரை குறைந்தது என்றும், உச்ச வரட்சிக் காலங்களில் அது 70 வீதம் வரை சென்றது என்றும், சாரீரப்பதன் 2 முதல் 7 வீதம் வரை தாழ்ந்தது என்றும் கணித்தது.

இவ்விறுதி ஆய்வின் முறை உண்மையிலேயே அழகானது. ஜிப்சப் பளிங்கில் ஒவ்வொரு கல்சியஞ் சல்பேற்று அலகோடும் இரு நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கின்றன. ஏரி வற்றி நீர் செறிவடையும்போது உருவாகும் பளிங்கு அவ்வேளை ஏரியிலிருந்த நீரையே தன்னுள் அடைத்துக்கொள்கிறது. ஓடுகளின் காபனேற்றில் உள்ள ஒட்சிசன் நீரின் வெப்பநிலையாலும் மாறும். பளிங்குநீரின் ஒட்சிசனோ வெப்பநிலையால் மிகச் சிறிதளவே பாதிக்கப்படுகிறது. மேலும் ஒரே நீரில் ஒட்சிசன் 17, ஒட்சிசன் 18, தூத்தேரியம் மூன்றையும் அளக்க முடிவதால் மழைக் குறைவையும் ஈரப்பதனையும் ஒரு கணிப்பிலேயே கட்டுப்படுத்த முடிகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏரிநீரைப் பிழிந்தெடுத்து அளப்பதை யார்தான் வியக்கமாட்டார்!

தலைப்புகளையும் கவனித்தல் தகும். 1995ஆம் ஆண்டுக் கட்டுரை வீழ்ச்சியிற் காலநிலையின் ‘சாத்தியமான பங்கு’ என்றது. 2012இல் வீழ்ச்சி மழைக் குறைவோடு ‘தொடர்புடையது’ என்றாயிற்று. 2018இல் ‘வீழ்ச்சியின்போது’ நிலவிய வரட்சியை அளவிடல் என்பதே தலைப்பு. ஆக, ஆய்வாளர் தாம் அளந்ததற்கு மேல் அதிகம் கோரவில்லை. பொதுவாசகருக்கான நூல்களிலும் செய்திகளிலும் கதை இறுகிவிடுகிறது. றிச்சட்சன் கில் 2000இல் வெளியிட்ட நூல் வரட்சியையே ஏறத்தாழ முழுமையான காரணமாக்கியது. ஜெரட் டயமன்ட் 2005இல் வெளியிட்ட நூலில் மக்கட்பெருக்கம், போர், அரசரின் குறுநோக்கு என்பனவற்றையும் சேர்த்துக்கொண்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் வாசகர் மனத்தில் எஞ்சுவது ஏரியின் வரைபடமே.

அளவீட்டின் எல்லைகள் யாவை? முதலாவது, ஜிப்சம் வரட்சியில் மட்டுமே பேசுஞ் சாட்சி. ஏரி நிரம்பியிருந்த ஆண்டுகளில் அது படிவதில்லை; அவ்வாண்டுகளுக்கு வேறு சான்றுகளை நாடவேண்டும். அடுத்தது காலக்கணிப்பு. சுண்ணாம்புக்கற் பிரதேசத்து ஏரிநீரிற் பழைய காபன் கரைந்திருப்பதால் நீர்வாழ் உயிரிகளின் ஓடுகள் உண்மையிலும் பழையனவாகக் காட்டும். நிலத்தாவர எச்சங்கள் கிடைத்தாற்றான் கதிர்க்காபன் தேதி நம்பகமாகும். அப்போதும் பல தசாப்தங்கள் முன்பின்னாகலாம். கல்வெட்டுத் தேதிகளோ நாள் பிசகாதவை. டொஸ் பிலாஸ் நகரம் 761இற் போரினாற் கைவிடப்பட்டது. வரட்சியின் முதற் கட்டம் 770இல் ஆரம்பித்ததாயின் போர் முந்தியது. அத்தொடக்கம் இருபது ஆண்டுகள் முன்னகர்ந்தால் வரட்சி முந்தியது. எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய கடிகாரத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

இவற்றினும் முக்கியமானதொரு சிக்கல் உண்டு. அதனை வெளிக்கொணர்ந்தவர்களும் இதே ஆய்வுக் குழுவினர் என்பது அவர்களது நேர்மைக்குச் சான்று. றோசென்மையர், ஹொடெல் முதலியோர் குவாத்தமாலாவின் பெட்டென் பிரதேசத்திலுள்ள சல்பெட்டென் ஏரியை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், சமதானி மாற்றத்துக்கு மழை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை எனச் சுட்டினர். காடு வெட்டப்பட்டால் மரங்கள் உறிஞ்சி வெளிவிடும் நீர் குறைகிறது. நீரேந்து பரப்பிலிருந்து ஏரிக்கு ஓடிவரும் நீர் கூடுகிறது. ஏரிநீரில் ஒட்சிசன் 18 தாழ்கிறது. மக்கள் நீங்கிக் காடு மீண்டும் வளரும்போது வரத்துக் குறைகிறது. ஒட்சிசன் 18 உயர்கிறது. அதாவது, மழையில் ஒரு துளியும் மாற்றமில்லாதிருப்பினும் ‘வரட்சி’யை ஒத்த ஒரு தடயத்தை மக்களின் வெளியேற்றமே ஏரியில் விட்டுச்செல்லக்கூடும். வீழ்ச்சியின் காரணமாக நாம் வாசிப்பது வீழ்ச்சியின் விளைவாகவும் இருக்கலாம். பெட்டென் ஏரிகளில் இவ்விரு காரணிகளையும் பிரித்தறிவது கடினம். ஜிப்சம் செறிந்து படியும் சிச்சன்கனாப்பில் வரட்சிக்கான சான்று இதனினும் வலிமையானது என்பதும் உண்மை.

எமது வாதத்துக்கு இது அடிப்படையானது. காலநிலைவாதத்தை எதிர்ப்போர் பொதுவாக, இயற்கை ஒருபுறமும் சமூகம் மறுபுறமும் நிற்பதாகக் கொண்டு, இயற்கையைவிடச் சமூகமே முக்கியம் என வாதிடுவர். சல்பெட்டென் அடையல்கள் அந்தப் பிரிவினையையே கேள்விக்குள்ளாக்குகின்றன. உழவனின் கற்கோடரி ஏரியின் ஒட்சிசனிலே பதிந்திருக்கிறது. மனிதனுக்கும் இயற்கைக்குமிடையே நிகழும் பரிமாற்றமே உழைப்பு என ‘மூலதன’த்தின் முதலாந் தொகுதி விளக்கியதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம், ஆனால் அப்பரிமாற்றத்தின் இயற்கைப் பக்கத்தை அளந்து தரும் விஞ்ஞானத்தை ஐயத்தோடு ஒதுக்குகிறோம். முற்போக்கு விமர்சகர் சிலர் சமதானி ஆய்வு முழுவதையும் ‘புவியியல் நிர்ணயவாதம்’ என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடுவது சோம்பலேயன்றி வேறில்லை. மழை பாதியாகக் குறைந்தது பொய்யாகிவிடாது. அது யாரைப் பட்டினியிட்டது, யாரைப் பட்டினியிடவில்லை என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

அவ்வினாவை எழுப்பியதும் சான்றுகளின் தோற்றம் மாறுகிறது. யுக்காத்தானின் வடபகுதி தென்பகுதியைவிட மழை குறைந்தது. மேற்பரப்பில் ஆறுகள் அற்றது. வரட்சியே தனித்து வீழ்த்தியிருக்குமாயின் முதலில் வீழ்ந்திருக்கவேண்டியது வடக்கே. ஆனால் தெற்கின் நகரங்கள் மௌனித்த ஒன்பதாம் நூற்றாண்டில் வடக்கே சிச்சென் இட்சா எழுச்சியுற்றது. இவ்வாட்சேபத்துக்கு டக்ளஸ் முதலியோர் 2015இல் ஒரு விடை தந்தனர். ஏரி அடையல்களில் எஞ்சியுள்ள இலைமெழுகின் ஐதரசன் சமதானிகளைக் கொண்டு, வரட்சி தெற்கிலேயே கூடுதலாக உறைத்தது என அவர்கள் காட்டினர். இவ்விடை கவனத்துக்குரியது. எனினும் பெலீஸிலுள்ள லமனாய் நகரம் வீழ்ச்சிக் காலத்தைக் கடந்து ஸ்பானியர் வருகை வரை மக்கள் வாழும் இடமாகவே இருந்தது. அது நீர்நிலையின் கரையில் அமைந்திருந்தது என்பது விளக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே.

தென் தாழ்நிலத்துப் பெருநகரங்களில் ஆண்டின் முற்பகுதியில் வரும் கோடையைக் கடப்பதற்கு நீர்த்தேக்கங்களே ஆதாரம். டிக்காலின் தேக்கங்களை ஸ்காபரோவும் கலப்பினும் 1991இல் விவரித்தனர். நகர மையத்தின் சுண்ணச் சாந்து பூசிய முற்றங்களும் கோயிற் றளங்களும் மழைநீரைத் திரட்டிச் சரிவுகளினூடே தேக்கங்களிற் சேர்க்குமாறு கட்டப்பட்டிருந்தன. மேட்டிலிருந்த மையத் தேக்கங்கள் அரசமாளிகைக்கும் கோயிலுக்கும் அருகிலமைந்தவை. கோடையில் நீர் வழங்கும் ஆற்றலே அரசனின் சடங்கதிகாரத்துக்கு அடித்தளம் என்றும், குடிகளின் திறையும் உழைப்பும் அதற்கான கைம்மாறு என்றும் லிசா லூசெரோ விளக்கினார். இவ்வாறாயின், மழை பொய்க்கும்போது வீழ்வது முதலில் அந்த உடன்பாடே. கற்றூண் நாட்டுதல் அரசவையின் செயல். அது நின்றதனாற் குடிமக்கள் எல்லாரும் அழிந்தனர் எனக் கொள்ளலாகாது. டிக்கால் தேக்கங்களின் அடையல்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று இன்னொரு செய்தியைத் தருகிறது. மாளிகையையும் கோயிலையும் சார்ந்த தேக்கங்கள் இரசத்தாலும் நச்சுத்தன்மையுள்ள நீலப்பச்சை அல்காக்களாலும் கடுமையாக மாசுற்றிருந்தன. நகரின் ஓரத்துத் தேக்கங்கள் அவ்வாறிருக்கவில்லை. இரசம் அரண்மனைச் சுவர்களிலும் கல்லறைகளிலும் பயன்படுத்திய சாதிலிங்கச் செந்நிறத்திலிருந்து மழையோடு கழுவுண்டு வந்தது என்பது ஆய்வாளரின் முடிபு. அரசனின் ஆடம்பரமே அவனது குடிநீரைக் கெடுத்தது. மழை எத்தனை வீதம் குறைந்தது என்ற எண் இதனைச் சொல்லமாட்டாது.

‘மறைந்த மாயர்’ என்ற சொற்றொடரும் இவ்விடத்தில் நோக்கப்படவேண்டும். மாயர் மறையவில்லை. அவர்களது இறுதி அரசான நொஹ்பெட்டென் 1697 வரை ஸ்பானியருக்கு அடிபணியவில்லை. மாய மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல இலட்சக் கணக்கில் வாழ்கின்றனர். 1960 முதல் 1996 வரை நீடித்த குவாத்தமாலா உள்நாட்டுப் போரில், முழுமையாக அடையாளங் காணப்பட்ட பாதிக்கப்பட்டோருள் 83 வீதமானோர் மாயர் என உண்மையறியும் ஆணைக்குழு 1999இல் அறிக்கையிட்டது. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வரட்சியால் முடிந்துபோன மக்கள் என்று ஓர் இனத்தைப் பற்றி எழுதுவது, நிலத்துக்கும் மொழிக்கும் உரிமை கோரி நிற்கும் அவர்களது சந்ததியாரை வரலாற்றுக்கு வெளியே நிறுத்துகிறது. ஏரி ஆய்வாளர் எவரும் இதனைக் கருதியிருக்கமாட்டார். சொற்கள் கருதியவரைக் கேட்டுச் செல்வதில்லை.

இவ்விவாதம் ஈழத்து வாசகருக்குத் தொலைவானதன்று. இராசரட்டை நாகரிகத்தின் வீழ்ச்சி பற்றிய கட்டுரைகளைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இற் பேராதனையில் தொகுத்து வெளியிட்டபோது, படையெடுப்பு, மலேரியா, நீர்ப்பாசன நிருவாகத்தின் சிதைவு முதலிய விளக்கங்கள் விவாதத்துக்கு வந்திருந்தன. 2015இல் லூசெரோ, பிளெச்சர், கொனிங்ஹாம் ஆகியோர் மாயர் நகரங்களையும் அங்கோரையும் அனுராதபுரம், பொலன்னறுவை ஆகியவற்றையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டு, ‘வீழ்ச்சி’ எனப்படுவதை நகர மையங்களிலிருந்து மக்கள் பரந்து சென்றமையாக நோக்க முற்பட்டனர். ஒப்பீடு பயனுள்ளது. ஆனால் சிச்சன்கனாப்பின் முறையை எமது வரண்ட வலயத்துக்கு அப்படியே கொண்டுவர முனைவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சிச்சன்கனாப் இயற்கை ஏரி; அதன் நீர் பெரும்பாலும் வானுக்கே செல்கிறது. எமது குளங்களோ கட்டப்பட்டவை. அவற்றின் நீர் துருசு வழியாக வயலுக்கும், மிகுந்தபோது கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கும் செல்கிறது. நீர் எத்தனை நாள் குளத்திற் றங்கி ஆவியாகும் என்பதை மழையோடு சேர்ந்து, துருசைத் திறப்பவரும் மூடுபவரும் நிர்ணயிக்கின்றனர். அவ்வாறான குளத்தின் அடையலில் ஒட்சிசன் 18 உயர்ந்திருக்கக் காணின், வானம் பொய்த்ததா, வயலுக்கு நீர் விடுவது நின்றதா, கரை உடைந்து நெடுநாள் திருத்தப்படாது கிடந்ததா என்று மூன்று வினாக்களையும் ஒருங்கே கேட்கவேண்டியிருக்கும். அவற்றுக்கு விடை காண, சமதானி அளவீட்டோடு, குளங்களின் திருத்த வேலைகளையும் நீர்வரியையும் குறிக்கும் கல்வெட்டுகளையும் அதே மேசையில் வைத்து வாசித்தல் வேண்டும்.